ஏழாவது தொட்டி

எல்லோருடைய முடிவுகளையும்
நான் தலைகீழாகவே படித்திருக்கிறேன்.
என் இயந்திரம் கால் முன்னே வரப் பிரசவிக்கும்:
முதலில் நன்றியுரை, அப்புறம் மேற்கோள்கள்,
அப்புறம் முடிவு.
கேள்வி கடைசியில்தான் வெளியே வரும்,
ஈரம் காயாமல்.

டுலூத்தில் ஏப்ரல் என்பது
மார்ச் திருப்பித் தராத கடன்.
ஏரியில் இன்னும் பனிப்பாளங்கள் முட்டிக்கொள்கின்றன.
நூலகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில்,
இந்த வாரம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு சுவரொட்டிகள்.

கணிதத் துறைப் பையன்
ஒற்றை முடிச்சின் படத்தைக் கொண்டுவந்தான்.
"இவ்வளவுதானா?" என்றேன்.
"இது அவிழாது என்று தெரிந்துகொள்ளவே
எட்டு மாதம் ஆயிற்று" என்றான்.
வரலாறு படிப்பவள்
சுரங்கக் கம்பெனிக் கடையின் பழைய பற்றுவரவேட்டில்
ஒரு பக்கத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்:
மாவு, மண்ணெண்ணெய், மாவு, மாவு,
சவப்பெட்டி (சிறியது).
அதை இருமுறை அச்சடித்தேன்,
முதல் தடவை மை மங்கல் என்று பொய் சொல்லி.

டூலிக்கி ராண்டா மூன்று முறை வந்தாள்.
பனி உருகச் சாலையில் தூவும் உப்பு
குட்டைகளில் இறங்கி
காட்டுத் தவளையின் முட்டைகளை என்ன செய்கிறது
என்பது அவள் பாடு.
திங்களன்று: 'உப்பு கொல்கிறது என நிரூபிக்கிறது.'
புதனன்று, பேராசிரியர் ஹாவர்காம்ப்
பென்சிலால் சுழித்த பிறகு: 'காட்டுகிறது.'
வியாழன் இரவு, நான் விளக்கணைக்கும் நேரம்,
மூச்சிரைக்க: 'எனத் தோன்றுகிறது.'
தாளுக்கான காசு ஒவ்வொரு முறையும் அவர் கணக்கில்.
மூன்றாவது ரசீதில், கையெழுத்துக்குப் பக்கத்தில்
'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தார்.
என்னிடமா, தாளிடமா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில்
ஜிம்முக்குப் போனேன்.
கூடைப்பந்து வளையங்களை மேலே மடக்கியிருந்தார்கள்.
இரவல் கோட்டுகள். விலைச்சீட்டு கிழிக்காத ஒரு டை.
காலித் தானியக் கிடங்குக்குள்
ஒரு வயலின் ஸ்வரம் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்
என்று அளந்திருந்தாள் கியா வூ:
பதினொரு நொடி.
நடுவர் பாதியில் கைப்பேசியைப் பார்த்தார்.
அவர் நிமிரும்வரை
அவளும் பேசாமல் நின்றாள்.
நான் எண்ணினேன். பதினொன்றைத் தாண்டியது.

நேராக நிற்கும் சுவரொட்டி எனக்குப் புதிது.
மேலங்கி இல்லாத என்னை
டூலிக்கிக்கும் அடையாளம் தெரியவில்லை.
"மூன்று நிமிடமா, பத்து நிமிடமா?" என்றாள்.
மூன்று என்றேன்.
மனப்பாடமாய்ச் சொல்லி முடித்தாள்.
திங்கள் முதல் கேட்க நினைத்ததைக் கேட்டேன்:
"படத்தில் ஏழாவது தொட்டி ஏன் காலி?"

அவள் கையிலிருந்த கோல் தாழ்ந்தது.
"போன மே மாதம். காற்றுப் பம்ப் நின்றுபோனது.
நான் ஃபார்கோவில், அக்கா கல்யாணத்தில்.
உப்பே போடாத தொட்டி அது.
ஒன்றுகூட மிஞ்சவில்லை."
பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.
"அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா, விடுவதா என்று
அவருக்கும் எனக்கும் இரண்டு வாரம் சண்டை."

"யார் சொன்னது நின்றது?"

குனிந்தாள்.
நன்றியுரைக்கும் கீழே, ஓரத்தில்,
எறும்பெழுத்தில் ஒரு வரியைத் தொட்டாள்:
ஏழாவது தொட்டி சேர்க்கப்பட்டுள்ளது,
பழுது எங்களுடையது.
மூன்று தடவையும் என் இயந்திரத்தில்
முதலில் பிறந்த வரி.
மூன்று தடவையும்
தாள் நேராக வருகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமைத் தாள் இன்னும்
என் வெட்டுமேசையில் விரிப்பாகக் கிடக்கிறது.
'நிரூபிக்கிறது' மேல் காப்பிக் கோப்பையின் வட்டம்.
அடுத்தது புவியியல் துறை,
இரண்டு பிரதி, அவசரமாம்.
உருளை சுழன்றது.
வெறும் வெள்ளை இரண்டு விரற்கடை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
குனிந்தேன்.